திட்டம் தோற்றுப்போனால் நமக்குத் தெரியுமா? குழந்தைகளுக்கான தேசிய செயல்திட்டத்தை மதிப்பிடுவது பற்றி

[திரை: மேசையில் கோடு போட்ட நீள நோட்டு. ஒரு கை மெதுவாகப் பக்கங்களைப் புரட்டுகிறது.]

வணக்கம். முதலில் இந்த நோட்டைப் பாருங்கள். படமெடுப்பதற்காக நாங்களே எழுதிய நோட்டுதான். ஆனால் இதே மாதிரி ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து புரட்டியிருக்கிறேன். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டப் பதிவேடு. "குழந்தைத் திருமணத் தடுப்பு குறித்து விவாதிக்கப்பட்டது. அனைவரும் உறுதி ஏற்றனர்." கீழே கையெழுத்துகள். மூன்று மாதம் கழித்து அடுத்த கூட்டம், அதே வரி. அதற்கடுத்த கூட்டம், மறுபடியும் அதே வரி. மூன்று கூட்டத்துக் கையெழுத்துகளும் ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில்.

பதிவேட்டை எடுத்துக் கொடுத்தவரிடம் கேட்டேன்: "இந்த வருஷம் எத்தனை கல்யாணத்தை நிறுத்தினீங்க?" அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு நிறுத்தினோம் சார், எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அதுக்கு நோட்டுல காலம் இல்ல" என்றார்.

காலம் என்று அவர் சொன்னது கட்டத்தை. கூட்டம் நடந்த தேதிக்குக் கட்டம் இருக்கிறது, வந்தவர் எண்ணிக்கைக்கு இருக்கிறது, டீ செலவுக்குக்கூட இருக்கிறது. கல்யாணத்தை நிறுத்தியதற்கு இல்லை.

இந்த வீடியோ அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். இதையே ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கப் போகிறோம்.

[திரை: "குழந்தைகளுக்கான தேசிய செயல்திட்டம், 2016"]

பெயரில் 2016 என்று இருந்தாலும் இது வெளியானது 2017 ஜனவரி 24, தேசியப் பெண் குழந்தைகள் தினத்தன்று. அப்போது மேனகா காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992 டிசம்பரில். 2005-ல் ஒரு செயல்திட்டம் வந்தது. 2013-ல் குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை. அந்தக் கொள்கையைச் செயலாக மாற்றத்தான் இந்த 2016 திட்டம். நான்கு முன்னுரிமைப் பகுதிகள்: உயிர்வாழ்வு, உடல்நலம், ஊட்டச்சத்து ஒன்று; கல்வியும் வளர்ச்சியும் இரண்டு; பாதுகாப்பு மூன்று; பங்கேற்பு நான்கு. ஒவ்வொன்றுக்கும் நோக்கம், துணை நோக்கம், உத்தி, செய்ய வேண்டிய வேலை, அளக்க வேண்டிய குறிகாட்டி, பொறுப்பான துறை என்று வரிசையாக அட்டவணை போட்டிருப்பார்கள். அரசு ஆவணம் என்ற வகையில் ஒழுங்கான ஆவணம்தான், அதை மறுப்பதற்கில்லை.

சரி, இந்தத் திட்டம் வெற்றியா தோல்வியா? இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக் குழுவை வைத்து, பணம் ஒதுக்கி, ஒன்றரை வருடம் நாடு முழுக்க அனுப்பலாம். அப்படி அனுப்பினால் கடைசியில் என்ன வரும் என்று இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முந்நூறு பக்க அறிக்கை வரும். உள்ளே எங்காவது ஒரு வரி இருக்கும்: "போதிய தரவுகள் இல்லாததால் திட்டவட்டமான முடிவுக்கு வர இயலவில்லை."

அந்த வரியை எழுதுவதற்கு ஒன்றரை வருடம் எதற்கு? ஆறு வாரத்தில், மேசையில் உட்கார்ந்து, ஆவணங்களைப் படித்து, இருபது முப்பது பேரிடம் பேசியே அதைக் கண்டுபிடித்திருக்கலாம். இந்த முன்சோதனைக்குப் பெயர் மதிப்பிடத்தக்க தன்மை ஆய்வு. பெயர் வாயில் நுழையாது, நான் முன்சோதனை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். 1970-களில் அமெரிக்காவில், வாஷிங்டன் அர்பன் இன்ஸ்டிட்யூட்டில் ஜோசப் வோலியும் அவருடைய சகாக்களும் தொடங்கி வைத்தது. அரசுத் திட்டங்களை மதிப்பிடப் போனால் பாதி நேரம் திட்டத்தின் நோக்கமே தெளிவாக இருக்காது, மதிப்பீடு வந்தாலும் யாரும் அதை எடுத்துப் படிக்கப் போவதில்லை. இதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் அவர்கள் இந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் இதை மதிப்பிட முடியுமா? அப்புறம் மதிப்பிடலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்சோதனையில் தேறாத திட்டம் மோசமான திட்டம் என்று ஆகிவிடாது. அந்த ஊராட்சியில் உண்மையிலேயே இரண்டு கல்யாணம் நின்றிருக்கலாம். நல்ல வேலை நடந்தும் அது பதிவாகாமல் போகலாம், ஒன்றுமே நடக்காமல் பதிவேடு நிரம்பியிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சிக்கலே அதுதான்.

[திரை: ஒரு வாக்கியம், அதன் சொற்கள் ஒவ்வொன்றாக அடிக்கோடிடப்படுகின்றன.]

முன்சோதனையில் முதலில் காகிதத்தைப் பார்ப்பார்கள். திட்டத்தின் பாதுகாப்புப் பகுதியின் நோக்கத்தை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாகத் தமிழில் சொன்னால், எல்லாக் குழந்தைகளுக்கும் அக்கறையும் பாதுகாப்பும் உள்ள சூழலை உருவாக்குவது. எந்த நிலைமையிலும் அவர்கள் பாதிப்புக்கு ஆளாகும் வாய்ப்பைக் குறைப்பது. எல்லா இடங்களிலும், குறிப்பாகப் பொது இடங்களில், பத்திரமாக வைத்திருப்பது.

யாராவது இதற்கு எதிராகப் பேச முடியுமா? முடியாது. அதனாலேயே இதை மதிப்பிடுகிறவர் திணறுவார். இந்த வாக்கியத்தைப் பார்த்து நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: இது எப்படி இருந்தால் தோல்வி? ஐந்து வருடம் கழித்து எதைப் பார்த்தால் "இது நடக்கவில்லை" என்று இரண்டு பேர் சண்டை போடாமல் ஒத்துக்கொள்வார்கள்? அப்படி ஒரு காட்சியை எழுதிக் காட்ட முடியவில்லை என்றால், அந்த நோக்கம் எந்தக் காலத்திலும் தோற்காது. தோற்க முடியாததை மதிப்பிடவும் முடியாது.

ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2003-லேயே தன் ஐந்தாவது பொதுக் கருத்துரையில் இதைச் சொல்லிவிட்டது. தேசிய உத்தி என்பது நல்லெண்ணங்களின் பட்டியலாக நின்றுவிடக் கூடாது, நடைமுறையில் எட்டக்கூடிய உண்மையான இலக்குகள் அதில் இருக்க வேண்டும் என்று.

ஒப்பிட்டுப் பார்க்க, பழைய 2005 திட்டத்தில் ஒரு வரி: உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் எண்ணிக்கையை 2010-க்குள் 30-க்குக் கீழே கொண்டுவருவது. எண் இருக்கிறது, வருடம் இருக்கிறது. அளப்பதற்கு மாதிரிப் பதிவு முறை என்று, தேர்ந்தெடுத்த சில இடங்களின் பிறப்பு இறப்பைப் பதிந்து நாட்டுக்குக் கணக்கிடும் ஒரு ஏற்பாடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, வருடா வருடம் எண் வரும். 2005-ல் 58. 2010-ல் 47. இலக்கு எட்டப்படவில்லை, சந்தேகமே இல்லை. 2019-ல்தான் 30 ஆனது, 2020-ல் 28. பத்து வருடம் தாமதம்.

எனக்கு இந்தத் தோல்வி பிடிக்கும். இவ்வளவு தெளிவாகத் தோற்றுப்போக ஒரு திட்டத்துக்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. 58-லிருந்து 47 ஆனதே, அது யாரால்? அதே 2005-ல்தான் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு வரும் தாய்மார்களுக்குப் பணம் கொடுக்கும் ஜனனி சுரக்ஷா யோஜனாவும் அதே வருடம். ஊருக்கு ஊர் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். குழந்தைகளுக்கான செயல்திட்டம் என்ற ஆவணம் இல்லாமல் இருந்திருந்தாலும் இந்த எண் இறங்கியிருக்கும் என்று ஒருவர் வாதாடலாம். இந்தத் தேசியத் திட்டத்துக்கென்று தனிக் கையும் காலும் கிடையாது, மற்ற துறைகளின் கையையும் காலையும் வைத்துத்தான் அது நடக்கிறது. ஆகவே "எண் மாறியதா" என்பது ஒரு கேள்வி, "திட்டத்தால் மாறியதா" என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குப் பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

[திரை: 26.8 → 23.3]

அடுத்து தரவு. இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கால் வழுக்கும் இடம் இது.

குழந்தைத் திருமணத்துக்கு நாம் எல்லோரும் பயன்படுத்தும் எண், தேசியக் குடும்பநல ஆய்வில் வருவது. 2015-16-ல் 26.8 சதவீதம், 2019-21-ல் 23.3 சதவீதம். 2017-ல் திட்டம் வந்தது, அப்புறம் எண் குறைந்தது, ஆகத் திட்டம் வேலை செய்கிறது. மேடையில் பேசுவதற்கு நன்றாக இருக்கும்.

இந்த எண் என்னவென்று பாருங்கள். இப்போது 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களிடம், "18 வயதுக்கு முன் உங்களுக்குத் திருமணம் ஆனதா?" என்று கேட்டு எடுப்பது. 2019-ல் 24 வயதாக இருந்த பெண்ணுக்கு 18 முடிந்தது 2013-ல். அப்போது இந்தத் திட்டம் வரைவாகக்கூட இல்லை. 2021-ல் 20 வயதாக இருந்த பெண்ணுக்கு 18 முடிந்தது 2019-ல். அவருக்கே 16, 17 வயதில் ஆபத்து இருந்த காலம் 2017, 2018. திட்டம் டெல்லியிலிருந்து கிளம்பி மாவட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம். ஆகவே அந்த 23.3-ல் பெரும்பகுதி திட்டத்துக்கு முந்தைய காலத்தின் கணக்கு. எண் பொய்யில்லை. நாம் கேட்கிற கேள்விக்கு அது தவறான எண், அவ்வளவுதான்.

முன்சோதனை செய்கிறவர் இதை முதல் வாரத்திலேயே பிடித்துவிடுவார். பிடித்துவிட்டு, "இதோடு 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருப்பவர்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள், அது கொஞ்சம் சீக்கிரம் அசையும்" என்று சொல்வார். அதே ஆய்வில் அது 7.9-லிருந்து 6.8 ஆகியிருக்கிறது.

ஆய்வு எப்போது நடந்தது என்பதும் முக்கியம். 2005 திட்டம் முடிய வேண்டிய வருடம் 2010. ஆனால் மூன்றாவது குடும்பநல ஆய்வு 2005-06-ல், நான்காவது 2015-16-ல். நடுவில் பத்து வருட இடைவெளி. பரீட்சை முடிந்து ஐந்து வருடம் கழித்து விடைத்தாள் திருத்திய மாதிரி. 2019-21 ஆய்வைக் கொரோனா இரண்டாக வெட்டியது. சில மாநிலங்களில் ஊரடங்குக்கு முன்பே கணக்கெடுத்து முடித்துவிட்டார்கள், மற்றவற்றில் வேலை 2021 வரை இழுத்தது. மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதில், குழந்தைத் தொழிலாளர்களுக்கு இன்றைக்கும் 2011-ன் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்: 5 முதல் 14 வயது வரை சுமார் ஒரு கோடியே ஒரு லட்சம் பேர். அன்று பத்து வயதில் கணக்கெடுக்கப்பட்ட பிள்ளைக்கு இப்போது வாக்குரிமை வந்து பல வருடம் ஆகிவிட்டது.

[திரை: 2016 — 1,06,958. 2022 — 1,62,449.]

இதைவிடச் சிக்கலான ஒரு எண். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் குழந்தைகளுக்கு எதிரான குற்ற வழக்குகள் 2016-ல் 1,06,958, 2022-ல் 1,62,449. கூடியிருக்கிறது. அப்படியானால் பாதுகாப்புப் பகுதி தோல்வியா?

அவசரப்படாதீர்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம் என்கிறது அந்தச் சட்டம். பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்பு நடக்கிறது, பிள்ளைகள் வீட்டில் சொல்கிறார்கள், முன்பு "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று அமுக்கிய குடும்பங்களில் சிலவாவது காவல் நிலையத்துக்கு வருகின்றன. திட்டம் ஒழுங்காக நடந்தால் முதல் சில வருடங்களில் இந்த எண் கூடத்தான் வேண்டும். குற்றம் கூடினாலும் எண் கூடும், நம்பிக்கை கூடினாலும் எண் கூடும். இதை மட்டும் குறிகாட்டியாக வைத்துக்கொண்டால் அமைச்சருக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே எண்ணிலிருந்து இரண்டு அறிக்கை கிடைக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, காவல் நிலையத்துக்கு வராத குழந்தைகளையும் சேர்த்து நேரடியாகக் கேட்கும் ஆய்வு. அப்படி ஒன்றை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். அதில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். வெளியான வருடம் 2007. அன்று நாடே அதிர்ந்தது. திட்டம் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை அதே கேள்விகளோடு அதே மாதிரியான ஆய்வைச் செய்திருந்தால், பாதுகாப்புப் பகுதிக்கு ஒரு பேஸ்லைன் கிடைத்திருக்கும். பேஸ்லைன் என்பது ஓட்டப்பந்தயத்தில் சுண்ணாம்பால் போடும் கோடு மாதிரி, ஓடத் தொடங்குவதற்கு முன் போட்டால்தான் உண்டு. பாதி தூரம் ஓடியபின் "தோராயமாக அங்கிருந்துதான் கிளம்பினோம்" என்று கை காட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளும் ஒரு தரவுதான். ஆனால் 2023-ல் அது தொண்டு நிறுவன அமைப்பிடமிருந்து படிப்படியாக அரசின் கைக்கு மாறி, 112 அவசர உதவி எண்ணோடு இணைக்கப்பட்டது. மாற்றம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அளக்கிற ஆள், 2023-க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரிசையில் வைப்பதற்கு முன் நூறு தரம் யோசிக்க வேண்டும்.

பணக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2008-09 முதல் மத்திய பட்ஜெட்டில் குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தனி அறிக்கையாகப் போடுகிறார்கள். இப்போது அதன் எண் 12. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அது அமைச்சகம் வாரியாக, திட்டம் வாரியாக வருகிறது. செயல்திட்டத்தின் எந்த நோக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் நாமே உட்கார்ந்து கூட்ட வேண்டும், கூட்டுகிற ஆளைப் பொறுத்து விடை மாறும்.

[திரை: மூன்று அடுக்குகள் — தேசியம், மாநிலம், மாவட்டம்]

அடுத்தது ஆட்கள். மதிப்பீடு வந்தால் யார் படிப்பார், யார் எதை மாற்றுவார்? 2013 கொள்கையின்படி, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் தலைமையில் ஒரு தேசிய ஒருங்கிணைப்பு மற்றும் செயல் குழு, அதே மாதிரி மாநிலத்திலும் மாவட்டத்திலும் குழுக்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொள்கையை முழுமையாக மறுபரிசீலனை செய்ய வேண்டும், அதில் குழந்தைகளையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கொள்கையே சொல்கிறது. முன்சோதனை செய்கிறவர் இங்கே கேட்கிற கேள்விகள் அலுவலகத்தனமானவை: குழு எத்தனை தடவை கூடியது, நடவடிக்கைக் குறிப்பு எங்கே, போன கூட்டத்தில் முடிவெடுத்ததைச் செய்தது யார். இதற்கெல்லாம் தாள் கிடைத்தால் மதிப்பீட்டைப் பயன்படுத்த ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கிடைக்கவில்லையென்றால் அறிக்கை அலமாரிக்குப் போகும்.

இப்போது என் கணிப்பு. இது என் கருத்துதான், வேறு ஒருவர் வேறு மாதிரி சொல்லலாம். உயிர்வாழ்வு, உடல்நலப் பகுதியை இன்றைக்கே மதிப்பிடலாம். அதே இரண்டு குடும்பநல ஆய்வுகளுக்கு நடுவில், தடுப்பூசி முழுமையாகப் போட்ட குழந்தைகள் 62-லிருந்து 76.4 சதவீதம், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 38.4-லிருந்து 35.5, ரத்தசோகை மட்டும் 58.6-லிருந்து 67.1 என்று மோசமாகியிருக்கிறது. ரத்தத்தை விரல் நுனியில் எடுத்ததால்தான் இந்தக் குழப்பம், நரம்பில் எடுத்திருந்தால் வேறு எண் வரும் என்று ஒரு சண்டையே ஓடுகிறது. ஓடட்டும், சண்டை போடவாவது ஓர் எண் இருக்கிறதே. கல்வியில் பாதி முடியும்: யார் பள்ளியில் சேர்ந்தார்கள் என்பது தெரியும், என்ன கற்றார்கள் என்பதற்கு இடைவெளி விட்டு நடந்த தேர்வுகளை வைத்துத் தடவ வேண்டும். பாதுகாப்பில் விளைவை மதிப்பிட இப்போது முயல வேண்டாம். குழுக்கள் இருக்கின்றனவா, வழக்கு எத்தனை மாதத்தில் முடிகிறது, குழந்தைகள் இல்லத்தில் இருக்கிற பிள்ளை எப்போது வீடு திரும்புகிறது என்ற அளவில் நடைமுறையை மட்டும் மதிப்பிடலாம், அதுவே பெரிய உதவி.

நான்காவது பங்கேற்பு. குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் பங்கெடுக்க வழி செய்வது. இதற்குப் பெரும்பாலும் எண்ணுவது எதை? எத்தனை பாலர் சபை, எத்தனை குழுவில் குழந்தைப் பிரதிநிதி. நான் பார்த்த அந்த நோட்டிலும் இரண்டு பிரதிநிதிகள் உண்டு, ஒரு பையன், ஒரு பெண். எட்டு கூட்டத்திலும் இருவர் பெயரும் இருந்தது. அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

[திரை: அதே நோட்டு. ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவால் புதிய கோடுகள் போடப்படுகின்றன.]

அன்றைக்குக் கிளம்புவதற்கு முன், அந்தப் பதிவேட்டைக் காட்டியவரே ஸ்கேலை எடுத்தார். "என்னென்ன போடணும் சொல்லுங்க சார்" என்றார். நாலு கட்டம் போட்டோம். காதுக்கு வந்த கல்யாணம் எத்தனை. நின்றது எத்தனை. பிள்ளைகள் கேட்டது என்ன. நாலாவதை அவராகவே சேர்த்தார்: அந்தப் பொண்ணு இப்ப எந்த வகுப்பு. முதல் வரியில் அவர் ஞாபகத்தில் இருந்த இரண்டு பேரை எழுதினார். ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு. இன்னொருத்தியின் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, "விசாரிச்சுட்டு எழுதறேன்" என்று காலியாக விட்டார்.